பதில்: ஜெர்மனி போக ஒரு வருட டிராவல் இன்சூரன்ஸ் போதுமா?

வயசு 24, அக்டோபரில் மாஸ்டர்ஸ், ஏஜென்ட் ஒரு வருடத்துக்கு டிராவல் பாலிசி எடுக்கச் சொல்றார்னு கேட்டிருந்தீங்க. காசு கட்டிடாதீங்க.

அந்தப் பாலிசி விசாவுக்கும் முதல் சில வாரங்களுக்கும்தான். யுனிவர்சிட்டியில் சேர்ந்து பதிவு பண்ண அது செல்லாது. அங்கே அரசு சட்டப்படியான காப்பீடு கேட்பாங்க. அதைத் தர்ற டிகே, ஏஓகே, பார்மர் மாதிரி நிறுவனம் ஒண்ணில் இங்கிருந்தே ஆன்லைனில் பதியலாம். உங்களுக்குக் காப்பீடு இருக்குன்னு சொல்ற எம்10 என்கிற தகவலை அவங்களே யுனிவர்சிட்டிக்கு அனுப்பிடுவாங்க. உங்க வயசுக்கு மாசம் 140 யூரோவைத் தாண்டும். வலிக்கும்தான். ஆனா 30 வயசு வரைதான் இந்த மாணவர் கட்டணம்.

டிராவல் பாலிசியை விமான நாளிலிருந்து செமஸ்டர் தொடங்கும் வரை எடுங்க, ஒரு மாசம் கூடுதலா இருந்தா நிம்மதி. காப்பீட்டுத் தொகை 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

என் ரூம்மேட்டுக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தப்போ, டிராவல் பாலிசி வலி நிக்க வைத்தியம் பார்த்த செலவை மட்டும் கொடுத்துச்சு. ரூட் கெனால் அவன் கைக்காசு. பல்லை இங்கேயே பார்த்துட்டுக் கிளம்புங்க.

இன்னொண்ணு: மலிவா இருக்கேன்னு பிரைவேட் காப்பீட்டுக்குப் போய், அரசுக் காப்பீடு வேண்டாம்னு விலக்குக் கடிதம் வாங்கிட்டா, படிப்பு முடியும் வரை அரசுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. ஏஜென்ட் இதைச் சொன்னாரா?