வட்டம் ஏன் நீள்கிறது?

கேள்வி: கணினியில் இணைத்துப் பேனாவால் வரையும் 10 x 6.25 அங்குல டேப்லெட்டில், கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரையப் பழகுகிறேன். ஆயி மண்டபத்தின் வளைவுகள் பக்கவாட்டில் அகன்றுவிடுகின்றன. எவ்வளவு அழுத்தினாலும் கோடு தடிக்கவில்லை. பேனா பழுதா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பேனாவின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் டேப்லெட்டின் அகல, உயர விகிதம் 16:10. மானிட்டர் அநேகமாக 16:9. முழுப் பரப்பையும் முழுத் திரைக்கு இழுப்பதால் வட்டம் குறுக்கே 11 சதவீதம் அகலும். டேப்லெட்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் வரையும் பரப்பை 10 x 5.63 அங்குலமாகக் குறையுங்கள். அரை அங்குலத்துக்குச் சற்று மேல் வீணாகும், போகட்டும்.

அழுத்தத்துக்கு, முதலில் ‘பேசிக்-5 சைஸ்’ பிரஷ்ஷில் இழுத்துப் பாருங்கள். எல்லா பிரஷ்ஷும் அழுத்தத்துக்குத் தடிக்காது. அதிலும் தடிக்காவிட்டால் கிரிட்டாவின் டேப்லெட் அமைப்பில் பேனாவின் அழுத்தத்தை விண்டோஸில் கிரிட்டாவுக்குக் கொண்டுவரும் வழிகளான வின்டேப், விண்டோஸ் இங்க் இரண்டில் இப்போது தேர்வாகி இல்லாததைத் தேர்ந்து, கிரிட்டாவை மூடித் திறங்கள். வேறு டேப்லெட்டின் பழைய டிரைவர் கிடந்தால் அதுவும் மல்லுக்கு நிற்கும். நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.