காசு இல்லாதபோதும், காசு வந்தபோதும்

அன்புள்ள சார்,

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் இருக்கிற ஸ்டாக்போர்ட் கவுண்டி கால்பந்து கிளப் 2021-ல் ஜிம் கேனனை மேனேஜர் வேலையிலிருந்து அனுப்பியதைப் பெரிய அநியாயம் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடும் பகுதிநேர ஆட்டக்காரர்களை வைத்து ஓடிக்கொண்டிருந்த கிளப் அது. புது முதலாளி வந்தார், பட்ஜெட்டைக் கூட்டினார், எல்லோரையும் முழுநேரமாக்கினார். இவ்வளவு காசு போட்டவருக்குத் தனக்கு வேண்டிய மேனேஜரை வைத்துக்கொள்ளும் உரிமை இல்லையா? மாலைப் பயிற்சிக்குப் பழகியவர் தினசரிப் பயிற்சியை எப்படிச் சமாளிப்பார்? கேனன் போன அடுத்த ஆண்டே அணி சாம்பியன் ஆனது. முடிவு சரி என்று அதுவே சொல்லவில்லையா?

செப்டம்பரில் மேல்படிப்புக்கு மான்செஸ்டர் போகிறேன். அங்கே முதலில் எதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

மணிகண்டன்
திருச்சி

*

அன்புள்ள மணிகண்டன்,

முதலாளிக்கு உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. கேனன் இருந்திருந்தால் இன்னும் நன்றாக ஆடியிருப்பார்கள் என்றும் நான் சொல்லவில்லை. என் மனசில் உறுத்துவது வேறு. அதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

கேனன் 1990 முதல் பத்து ஆண்டுகள் அந்த கிளப்புக்காக ஆடியவர். பிறகு மேனேஜராக வந்தார். 2007-ல் அவருடைய அணி தொடர்ந்து 9 லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்காமல் ஜெயித்தது. லீக் சாதனை அது. 2008-ல் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் ராச்டேல் அணியை 3-2 என்று தோற்கடித்து மூன்றாம் அடுக்குக்கு ஏறினார்கள். அங்கே லீக்குகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கடுக்காக இருக்கும், முதல் அடுக்குதான் உச்சி. அடுத்த ஆண்டே கிளப் கடனில் மூழ்கியது. நிர்வாகத்தை எடுத்துக்கொண்டவர்கள் செலவைக் குறைக்க வேண்டும் என்று மேனேஜரையே ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தோற்றதற்காக அல்ல, சம்பளம் கொடுக்க முடியாததற்காக.

அதன் பிறகு கிளப் சரிந்த வேகம் பயங்கரம். 2002 வரை இரண்டாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த கிளப், 2013-ல் ஆறாம் அடுக்கில் கிடந்தது. நடுவில் கேனன் ஒருமுறை திரும்பி வந்தார். 2013 ஜனவரியில் அணி தடுமாறியபோது அனுப்பப்பட்டார். 2016-ல் மூன்றாம் முறையாக வந்தார். அப்போது அது பகுதிநேர கிளப். 2019 ஏப்ரலில், கடைசி நாளில், நனீட்டன் ஊருக்குப் போய் 3-0 என்று ஜெயித்து, சோர்லி அணியை ஒரே ஒரு புள்ளியில் முந்தி பட்டம் வாங்கி, ஐந்தாம் அடுக்குக்கு ஏறினார்கள். ஸ்டாக்போர்ட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் கூடவே போயிருந்தார்கள்.

2020 ஜனவரியில் மார்க் ஸ்டாட் கிளப்பை வாங்கினார். கடன் தீர்ந்தது, முழுநேரப் பயிற்சி வந்தது, பெரிய சம்பளத்துக்கு ஆட்கள் வந்தார்கள். சரியாக ஓராண்டு. 2021 ஜனவரி 11-ம் தேதி கொட்டும் மழையில், முதல் அடுக்கில் ஆடிய வெஸ்ட் ஹாம் அணியை, பல அடுக்கு அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் 80 நிமிடத்துக்கு மேல் கோல் போட விடாமல் நிறுத்தி, கடைசியில் ஒரே கோலில் தோற்றார்கள். அதே மாதத்தில் கேனனை அனுப்பினார்கள். அணி அப்போது பிளே-ஆஃப் இடத்தில், அதாவது மேலே ஏற இன்னொரு வாய்ப்பு தரும் கூடுதல் ஆட்டங்களுக்கான இடத்தில் இருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். 2009-ல் காசு இல்லாததால் போனார். 2021-ல் காசு வந்ததால் போனார். கொரோனா காலம், மைதானத்தில் ஆளே கிடையாது. எழுந்து நின்று கைதட்டி வழியனுப்பக்கூட அந்த ஊர் ஜனங்களுக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை. அநியாயம் என்று நான் எழுதியது இதைத்தான்.

அடுத்து, மாலைப் பயிற்சிக்குப் பழகியவர் என்று நீங்கள் சொன்னது. முதலில் ஒரு திருத்தம்: 2008-ல் கேனன் ஜெயித்தது முழுநேர அணியோடுதான். ஆனாலும் உங்கள் கேள்வி பொதுவாக நியாயமானது. நான் மான்செஸ்டர் பக்கம் வேலைபார்த்த மூன்று ஆண்டுகளில், குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு செயற்கைப் புல் மைதானம் இருந்தது. செவ்வாயும் வியாழனும் ஒரு சின்ன கிளப் அங்கே பயிற்சி செய்யும். ஏழு மணிக்குப் பயிற்சி என்றால் ஆறே முக்காலுக்கு வெள்ளை வேன் ஒன்று வந்து நிற்கும். பேண்ட் முழுக்க சுவர்ப்பூச்சுத் தூசியோடு ஒருவர் இறங்குவார். வேனின் பின்படியில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே வேலை பூட்ஸைக் கழற்றி ஆட்டத்துக்கான பூட்ஸை மாட்டுவார். மேனேஜரே கூம்புகளை அடுக்குவார், மேனேஜரே பந்துகளுக்குக் காற்றடிப்பார். யாராவது ஒருத்தர் ஷிப்ட் முடியவில்லை என்று போன் பண்ணுவார், போட்டிருந்த திட்டம் பாதி போய்விடும். ஒன்பது அடித்தால் விளக்கை அணைத்துவிடுவார்கள். மைதானம் மணிக்கணக்கு வாடகை. மேனேஜர் சொல்லவந்தது பாதியில் நின்றாலும் சரி, அணைந்தது அணைந்ததுதான். மிச்சத்தை இருட்டில் வேலியோரம் நின்று சொல்லி முடிப்பார்.

முழுநேரம் என்பது வாரத்துக்கு அந்த நாலு மணி நேரத்தை இருபது மணி நேரமாக்குவது மட்டுமில்லை. யாரை எடுக்கலாம் என்பதே மாறிவிடும். பகுதிநேர கிளப்பில் மேனேஜர் முதலில் கேட்கும் கேள்வி, வேலை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் வந்துவிடுவாயா என்பது. முழுநேரத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. எந்த ஊர்க்காரரையும் எடுக்கலாம், கூடவே உடற்பயிற்சிக்கு ஒருவர், காயத்துக்கு ஒருவர், வீடியோ அலச ஒருவர். மேனேஜர் கூம்பு அடுக்க வேண்டியதில்லை, அதற்குப் பதில் ஒரு சின்ன அலுவலகத்தையே நடத்த வேண்டும். எல்லோருக்கும் அது வராது என்பது உண்மை. கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரராக இருக்கிற எல்லோரும் கடையை நடத்திவிட முடியாது இல்லையா?

இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. பகலில் எலக்ட்ரீஷியனாகவோ பள்ளி ஆசிரியராகவோ இருந்துகொண்டு பட்டம் வாங்கிக்கொடுத்த ஆட்டக்காரர்களும் ஒரு நாள் முடிவெடுக்க வேண்டிவரும். ஓராண்டு ஒப்பந்தத்தை நம்பி, ஓய்வூதியம் இருக்கிற வேலையை விடுவதா? முப்பது வயதில், வீட்டுக் கடனோடு? பலர் இல்லை என்று சொல்லிவிட்டு வேறு பகுதிநேர கிளப்புக்குப் போய்விடுகிறார்கள். மேனேஜர் மட்டும் தெரிந்த முகங்கள் இல்லாத புது அணியோடு நிற்பார்.

அப்புறம் சம்பளப் பட்டியல். பகுதிநேர கிளப் ஒரு மேனேஜருக்காக இரண்டு சீசன் காத்திருக்கலாம், பெரிதாக ஒன்றும் கரைந்துவிடாது. முழுநேரமாகிவிட்டால் ஒவ்வொரு வாரமும் பணம் போய்க்கொண்டே இருக்கும். ஐந்தாம் அடுக்கிலிருந்து நேரடியாக மேலே போவது ஒரே ஒரு அணி, பிளே-ஆஃபில் இன்னொன்று. அந்த இரண்டு இடத்துக்காக ஏழெட்டு பணக்கார கிளப்கள் மோதும்போது ஐந்தாம் இடம்கூடத் தோல்வி மாதிரித் தெரிய ஆரம்பித்துவிடும். அவசரம் முதலாளியுடையது, அதற்கு விலை கொடுப்பவர் மேனேஜர்.

அடுத்த ஆண்டே சாம்பியன் ஆனார்கள் என்று சொல்கிறீர்கள். நடுவில் நடந்ததை விட்டுவிட்டீர்கள். கேனனுக்குப் பிறகு வந்தவர் சைமன் ரஸ்க். அணி மூன்றாம் இடத்தில் முடித்து, பிளே-ஆஃப் அரையிறுதியில் ஹார்ட்லிபூலிடம் 0-1 என்று தோற்றது. 2021 அக்டோபரில் அவரையும் அனுப்பினார்கள். அதன் பிறகு வந்த டேவ் சாலினர்தான் 2022-ல் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஸ்டாக்போர்ட்டைத் தோற்கடித்த அந்த ஹார்ட்லிபூலின் மேனேஜர் யார் தெரியுமா? இதே சாலினர்.

அவருடைய கதை இன்னும் முக்கியம். லங்காஷயரில் ஏ.எஃப்.சி. ஃபைல்ட் என்று ஒரு கிளப். 2022-க்குள் நான்காம் அடுக்குக்குப் போயே தீருவோம் என்று வெளிப்படையாக அறிவித்து, புது மைதானம் கட்டி, காசு போட்ட கிளப். சாலினர் அங்கே ஏறக்குறைய 8 ஆண்டு இருந்தார், மூன்று முறை மேலே ஏற்றினார். 2019 மே மாதம் வெம்ப்ளியில் பிளே-ஆஃப் இறுதியில் சால்ஃபர்டிடம் 0-3 என்று தோற்றார்கள். எட்டு நாள் கழித்து அதே வெம்ப்ளியில், கீழ் அடுக்கு கிளப்களுக்கான எஃப்.ஏ. டிராஃபியை வென்றார்கள். அக்டோபரில் அவரை அனுப்பிவிட்டார்கள். அந்த சீசனிலேயே ஃபைல்ட் ஒரு அடுக்கு கீழே இறங்கியது. சாலினர் 2021-ல் ஹார்ட்லிபூலை மேலே ஏற்றினார், 2022-ல் ஸ்டாக்போர்ட்டை, 2024-ல் மறுபடி ஸ்டாக்போர்ட்டை. ஃபைல்டில் தகுதியில்லாதவராகத் தெரிந்தவர் வேறு ஆளா? அதே ஆள்தான். ஒருவரை அனுப்பிவிட்டார்கள் என்பதை வைத்து அவர் திறமையை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சால்ஃபர்டிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அணியை மூன்று முறை மேலே ஏற்றிய, சேர்ந்தே மேனேஜர்களாக இருந்த ஜான்சனும் மோர்லியும் 2018-ல் பட்டம் வாங்கிய கையோடு கிளப்பை விட்டுப் பிரிந்தார்கள்.

மாற்றாக ஹாரகேட் கிளப்பைப் பாருங்கள். 2017-ல் முழுநேரமானார்கள், இருந்த மேனேஜர் சைமன் வீவரையே வைத்துக்கொண்டார்கள், 2018-லும் 2020-லும் மேலே போனார்கள். கிளப்பின் முதலாளி அவருடைய அப்பா என்பது உண்மை. ஆனால் அந்த அப்பா கொடுத்தது காசு மட்டுமில்லை, அவகாசமும். முழுநேரத்துக்கு மாறும்போது மற்ற முதலாளிகளும் மேனேஜரைக் கூப்பிட்டு, இத்தனை சீசன், இவ்வளவு பணம், இந்த இடம், இது நடக்காவிட்டால் பிரிந்துகொள்வோம் என்று முதல் நாளே சொல்லிவிடலாம். பத்து ஆண்டு ஆடி, மூன்று முறை வந்து தோள் கொடுத்தவருக்கு அந்த ஒரு பேச்சாவது கிடைத்திருக்க வேண்டும். ஸ்டாட்டின் காசு ஸ்டாக்போர்ட்டைக் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டும் உண்மை.

எதைப் போய்ப் பார்ப்பது என்று கேட்டீர்கள். ஸ்டாக்போர்ட் கவுண்டியின் மைதானமான எட்ஜ்லி பார்க் கட்டாயம் போங்கள், ஸ்டாக்போர்ட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் முதலில் அது வேண்டாம். போன முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு சின்ன கிளப்பின் பயிற்சிக்குப் போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். செப்டம்பரிலேயே தூறல் இருக்கும், குல்லா எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் நில்லுங்கள், மேனேஜர் இருட்டில் என்ன பேசுகிறார் என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.