வயிறும் மனசும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) ஸ்டீராய்டு ஆரம்பித்து பத்து நாள். தூக்கம் இல்லை, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தூக்கத்தையும் மனநிலையையும் கலைக்கும். தினம் 40 மில்லிகிராமைத் தாண்டினால் இன்னும் அதிகமாக. மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: வயிறும் சரியில்லை, மனசும் சரியில்லை. என்ன மாத்திரை?

பதில்: வயது, நோயின் பெயர், எத்தனை நாளாக என்று ஒன்றுமே எழுதாமல் மாத்திரை கேட்டால் எப்படி? மலத்தில் ரத்தம், எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், நேரில் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு ஐபிஎஸ் (வயிற்று வலியும் மலம் கழிப்பதில் மாற்றமும் வரும் குடல் கோளாறு). எல்லா டெஸ்டும் நார்மல். "எல்லாம் உன் மனசுலதான்" என்கிறார்கள். என் வலி பொய்யா?

பதில்: பொய்யே இல்லை. இந்த ஒரு வாக்கியத்தால் நொந்துபோய் சிகிச்சையையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. எண்டோஸ்கோபி குடலின் உள்பரப்பைக் காட்டும், நரம்பின் வேலையைக் காட்டாது. மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் சுமார் 80 சதவீதம் உடலிலிருந்து மூளைக்குத்தான் சேதி கொண்டுபோகின்றன. ஐபிஎஸ்ஸில் மற்றவர் உணரக்கூட மாட்டாத வாயு உங்களுக்கு வலியாகத் தெரிகிறது. பயந்தால் மூளை இன்னும் உன்னிப்பாகக் கவனிக்கும், வலி கூடும். குடல் நோய் நிபுணர்கள் 2016-இல் வெளியிட்ட ரோம் 4 வரையறை இந்த வகை நோய்களைக் குடல்-மூளைத் தொடர்புக் கோளாறு என்றே சொல்கிறது. மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலினை 10 முதல் 30 மில்லிகிராம் கொடுத்தால் அது வலிக்காக. மனச்சோர்வுக்கான அளவு வேறு. சீட்டைப் பார்த்து பயந்து தூக்கிப் போடாதீர்கள். சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை), குடலுக்கென்றே உள்ள ஹிப்னோதெரபி (மனவசிய சிகிச்சை) இரண்டுக்கும் நல்ல பலன் உண்டு.

கேள்வி: மன அழுத்தத்தால்தான் க்ரோன்ஸ் (குடல் அழற்சி நோய்களில் ஒன்று) வந்ததா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. இருக்கும் நோயை அது கிளறலாம், அவ்வளவுதான். உங்களைப் பழித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கணவருக்கு க்ரோன்ஸ். வெளியே வரவே மறுக்கிறார். சோம்பலா?

பதில்: சோம்பல் இல்லை. கழிப்பறை எங்கே என்ற பயம் ஆளையே முடக்கும். குடல் அழற்சி நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்குப் பதற்றம், நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் உண்டு. நோய் கிளர்ந்து நிற்கும்போது இன்னும் அதிகம். முதலில் நோய் அடங்கியிருக்கிறதா பாருங்கள். பி12, இரும்புச்சத்து பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் மனநல மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள்.

கேள்வி: எஸ்சிடலோப்ராம் (மனச்சோர்வு, பதற்றத்துக்கான மாத்திரை) தொடங்கியதும் பேதி. விட்டுவிடட்டுமா?

பதில்: இந்த மாத்திரை வேலை செய்வது செரட்டோனின் என்ற நரம்புச் சேதி வேதிப்பொருளின் மேல். உடலின் செரட்டோனினில் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, அதனால் முதலில் வயிறு கலங்கும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள். மறுபடியும் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள்.