எஞ்சினை மட்டும் மாற்றலாமா?

கேள்வி: என்னுடைய பழைய ஆட்டோமேட்டிக் காரின் எஞ்சின் தேய்ந்துவிட்டது, கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது. எஞ்சினை மட்டும் இறக்கி, அதே வகையைச் சேர்ந்த வேறொன்றைப் பொருத்தலாமா?

பதில்: பொருத்தலாம். பேட்டரி இணைப்பைத் துண்டிப்பது, கூலன்ட்டை வடிப்பது, வயர்களுக்கும் குழாய்களுக்கும் அடையாளச் சீட்டு ஒட்டுவது ஆகியவை எந்தக் காருக்கும் பொதுவானவை. ஆட்டோமேட்டிக் காரில் சிக்கல் தருவது, எஞ்சினின் சுழற்சியை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர்தான். எஞ்சினின் பின்புறத்தில் உள்ள வட்டத் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டுடன் அதை இணைக்கும் போல்ட்டுகளை, எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டைச் சுழற்றி ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, கன்வெர்ட்டர் கியர்பாக்ஸோடு தங்கும்படி பின்னுக்குத் தள்ளிவைக்க வேண்டும். எஞ்சினோடு சேர்ந்து அது வெளியே வந்தால் ஆயில் கொட்டும், கசிவைத் தடுக்கும் சீலும் கெடும். கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக் முட்டுக்கொடுப்பது கட்டாயம்.

புதிய எஞ்சினைச் சேர்க்கும் முன், கன்வெர்ட்டர் கியர்பாக்ஸின் ஆயில் பம்புக்குள் முழுமையாக அமர்ந்திருக்கிறதா என்பதை அதைச் சுழற்றிக்கொண்டே உள்ளே அழுத்திப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். எஞ்சினும், கியர்பாக்ஸின் முன்புற உறையான பெல் ஹவுசிங்கும் கையால் தள்ளும்போதே இடைவெளியின்றிச் சேர வேண்டும். சேராத இடைவெளியை போல்ட்டை முறுக்கி மூட முயன்றால், பம்ப் உடைந்து, நன்றாக இருந்த கியர்பாக்ஸும் பாழாகும். அவசரக்காரர்கள் பெரும்பாலும் இங்குதான் பணத்தை இழக்கிறார்கள். சரியாகச் சேர்ந்த பின்னும் கன்வெர்ட்டர் தடையின்றிச் சுழல வேண்டும், ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிராங்க் ஷாஃப்டின் பின்புற ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். ஃப்ளெக்ஸ் பிளேட்டில் விரிசல் தென்பட்டால் அதையும் மாற்றுங்கள்.