களத்துப் பக்கம்: பி.டி. டீச்சர் பதில்கள்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பிறவியிலேயே காது மந்தம். இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறாள். கூடைப்பந்து நன்றாக ஆடுவாள். 'இந்தியாவுக்கு ஆடுவேன்' என்று நோட்டு அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள். போன மாதத்திலிருந்து மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிரவுண்டுக்குப் போகிறாள். பின்னால் ஏமாந்து நிற்பாளே என்று பயமாக இருக்கிறது. இப்போதே பக்குவமாகப் பேசி ஆசையைக் குறைத்துவிடவா டீச்சர்? – ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: குறைக்காதீர்கள் அம்மா. அந்த நோட்டு அட்டை அப்படியே இருக்கட்டும்.

அமெரிக்காவில் டமீக்கா கேட்ச்சிங்ஸ் என்று ஒரு வீராங்கனை. அவருக்கும் பிறவியிலேயே காது சரியாகக் கேட்காது, பேச்சும் தெளிவாக வராது. வகுப்பில் ஒரே கேலி. சின்ன வயதில் ஒருநாள், பள்ளிவிட்டு வரும் வழியில் மெஷினைக் கழற்றிப் புல்வெளியில் வீசிவிட்டார். வீட்டில் வேறு வாங்கித் தரவில்லை. அப்புறம் உதட்டசைவைப் பார்த்துப் பார்த்தே சமாளித்தார்.

அப்பா ஹார்வி, என்.பி.ஏ. என்கிற அமெரிக்க ஆண்கள் கூடைப்பந்து லீக்கில் ஆடியவர். ஏழாம் வகுப்பில், ஆமாம், உங்கள் மகளின் வயதில்தான், 'நானும் என்.பி.ஏ.வில் ஆடுவேன்' என்று லட்சியம் வைத்தார் டமீக்கா. பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. 1997இல்தான் ஆட்டத்தைத் தொடங்கியது. ஆடுவதற்கு ஒரு லீக்கே இல்லாத காலத்தில் வந்த ஆசை அது! பெரியவர்கள் யாராவது 'நடக்கிற காரியமா' என்று கிள்ளி எறிந்திருந்தால்?

அவர் பெயரைச் சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பந்து பறிப்பதுதான். டபிள்யூ.என்.பி.ஏ.வில் இண்டியானா ஃபீவர் அணிக்கு 15 சீசன் ஆடி, 1,074 முறை எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்திருக்கிறார். சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது மட்டும் 5 முறை. இதற்குக் கை வேகம் மட்டும் போதாது. பாஸ் கிளம்பும் முன்னாலேயே எதிராளியின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, கண் யாரைத் தேடுகிறது என்று படிக்கத் தெரிய வேண்டும். காது கேட்காததால்தான் மனிதர்களை இப்படிக் கூர்ந்து கவனிக்கப் பழகினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் பெண்ணும் அப்படித்தான் பார்ப்பாள் என்று நினைக்கிறேன். ஒருநாள் கிரவுண்டு ஓரத்தில் நின்று கவனியுங்கள்.

சரி, மெஷின் விஷயம். டென்னசி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, மறுபடி மெஷின் போடும்படி பயிற்சியாளர் பாட் சம்மிட் எடுத்துச் சொன்னார். டமீக்கா கேட்டுக்கொண்டார். முதல் வருடமே, 1998இல், 39 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் டென்னசி அணி கல்லூரி சாம்பியன் ஆனது. கேலிக்குப் பயந்து வீசியதை, ஆட்டத்துக்காகத் திரும்ப எடுத்துப் போட்டாரே, அந்த மனசு எனக்கு அவருடைய நான்கு ஒலிம்பிக் தங்கத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. இதை மகளிடம் சொல்லுங்கள். வியர்வை பட்டு மெஷின் கெடுகிறது என்பதற்காகக் கழற்றுகிறாளா, தோழிகள் பார்க்கிறார்கள் என்பதற்காகவா என்றும் கேளுங்கள். வியர்வைதான் காரணம் என்றால், பொருத்திக் கொடுத்தவர்களிடமே வழி கேட்கலாம்.

இன்னொன்று, கோச்சிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். என் டீமிலும் ஒரு பெண் இருந்தாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். திமிர் என்று நினைத்து ஒரு மாதம் வெளியே உட்கார வைத்தேன். காது கேட்காது என்று அவள் பாட்டி வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் ஆகியும் அது மனதை அறுக்கிறது. பேசும்போது அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், ஒவ்வொரு ஆட்ட முறைக்கும் ஒரு கை சைகை வேண்டும். டிஃபென்ஸில் பின்னாலிருந்து ஸ்க்ரீன் வருகிறது, அதாவது எதிரணியில் ஒருத்தி வழியை மறித்து நிற்க வருகிறாள் என்று தோழிகள் கத்துவது அவளுக்கு எட்டாது. அதனால் நொடிக்கொரு தரம் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே ஏற்ற வேண்டும்.

கேள்வி: முட்டி லிகமென்ட் கிழிந்து ஆபரேஷன் ஆகிவிட்டது. கல்லூரியில் கடைசி வருடம். என் ஆட்டம் இத்துடன் முடிந்ததா? – மாணவி, கோவை

பதில்: இல்லை கண்ணு. மேலே சொன்ன டமீக்காவுக்கும் 2001இல், கல்லூரிக் கடைசி வருடத்தில், இதேதான் நடந்தது. அப்படியிருந்தும், டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், இண்டியானா அவரை மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. 2002இல் இறங்கி, சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார். லீக் கோப்பை கைக்கு வர 2012 ஆனது. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே.

பிசியோ சொல்லும் முன் குதிக்காதே. அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் பந்து தட்டு. இடக்கையால்.