லினக்ஸுக்குக் கிடைக்காத மென்பொருளுக்குப் பதிலாக பிரவுசர் செயலிகளை நம்பித் தொழில் செய்ய முடியுமா?

முடியும், நான் செய்துகொண்டுதான் இருக்கிறேன். நீங்களும் விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு முழிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கோத்தகிரியில் ஜெராக்ஸ், டிசைன் கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது, 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப் வேண்டும், என் பெட்டியில் அது கிடையாது. நன்றாக ஓடுகிற மிஷினைத் தூக்கிப்போட மனசில்லாமல், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டேன். உடனே எல்லோரும் கேட்டது, "போட்டோஷாப்புக்கு என்ன பண்ணுவே?"

போட்டோபீதான். இவான் குட்ஸ்கிர் என்பவர் 2013-ல் கொண்டுவந்தது. பிரவுசரிலேயே போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பை லேயரோடு திறக்கும், ஷார்ட்கட்கூட ஏறக்குறைய அதேதான். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஃபிளெக்ஸ் எல்லாம் இதில்தான் போகிறது. பாமினி ஃபான்ட் கோப்பை அப்படியே அதற்குள் இழுத்துப் போட்டேன், ஏற்றுக்கொண்டது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய வகை ஃபான்ட் என்பதால் தனியாகத் தட்டச்சு மென்பொருள்கூடத் தேவைப்படவில்லை.

"ஜிம்ப் இருக்கே, வைன் இருக்கே" என்று கீழே சிலர் வருவீர்கள், தெரியும். ஜிம்ப் லினக்ஸில் ஓடும் இலவச போட்டோ எடிட்டர், வைன் விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட வைப்பது. ஜிம்ப்பை நான் குறை சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து வந்து உடனே போஸ்டர் வேண்டும் என்று நிற்கிறவர் முன்னால் உட்கார்ந்து புது மெனு பழக முடியாது, அவ்வளவுதான். போட்டோபீயைப் புகழ எனக்கு யாரும் காசும் தரவில்லை, ஓரத்தில் வரும் விளம்பரத்தை நானும்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

இணையம் போனால்? எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் சாய்ந்தால் கேபிளும் சேர்ந்து அறுந்துவிடும். போட்டோபீ வேலையை நம் மிஷினிலேயே செய்கிறது, கோப்பை எங்கேயும் ஏற்றுவதில்லை, அதனால் பக்கம் திறந்த பிறகு லைன் போனாலும் கையிலிருக்கும் வேலை நிற்காது. எங்கோ இருக்கும் சர்வரை நம்பி ஓடுகிறவை அப்படி இல்லை. அதனால்தான் கடிதம், விண்ணப்பமெல்லாம் மிஷினிலேயே போட்டிருக்கும் லிப்ரே ஆபிஸில் அடிக்கிறேன். எந்தச் செயலியாக இருந்தாலும் பாதி வேலையில் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள், அப்புறம் நம்புங்கள்.

பிரவுசரால் தீராதது கருவிகள்தான். என் பழைய லேசர் பிரிண்டர் லினக்ஸில் ஒழுங்காக ஓடவில்லை. கைரேகைக் கருவிக்கும் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் யூஎஸ்பி டோக்கனுக்கும் மிஷினில் போட வேண்டிய மென்பொருள் விண்டோஸுக்குத்தான் கொடுத்தார்கள். அதற்கென்றே மச்சினனின் பழைய விண்டோஸ் லேப்டாப் ஒன்று மூலையில் கிடக்கிறது. "அப்ப முழுசா மாறலையா?" என்று கிண்டல் வேண்டாம், கடைக்கு வாடகை கட்டுகிறவன் நான்.

எந்த சிஸ்டத்திலும் திறக்கிற பக்கத்துக்கு உதாரணம் கேட்டால், மலைக்கு வர ஆன்லைனில் எடுக்கும் இ-பாஸைச் சொல்வேன். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் எடுத்துத்தான் வர வேண்டும். போனிலேயே எடுக்கலாம். என் சொந்தக்காரர்களுக்கு மட்டும் அது முடியாது. குஞ்சப்பனை செக்போஸ்டில் வண்டியை நிறுத்திவிட்டு, "தம்பி, ஒரு பாஸ் போட்டு அனுப்பு" என்பார்கள். இந்தப் பக்கம் கஸ்டமர் காத்திருக்க, வண்டி நம்பர், எத்தனை பேர், எங்கே தங்கப்போகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நான் அடிக்க வேண்டும். மேலே வந்த பிறகு அதைக் கலரில் பிரிண்ட் போட்டுக் கேட்ட பெரியப்பாவும் உண்டு. பத்து ரூபாய் என்றதற்கு இன்னும் பேசுவதில்லை.