பழைய டர்போவுக்கு புது கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (லண்டன் வாசகர்): அண்ணை, என்னட்ட 1989 போர்ஷே 944 டர்போ ஒண்டு கிடக்கு, ஆறு வருசத்துக்கு முன்னம் வேண்டினனான். இப்ப கொஞ்ச நாளா சூடானாப் பிறகு ஐடில் நிக்குதில்லை, ஓடேக்குள்ள திடீரெண்டு வெட்டுது, பிறகு தன்பாட்டில வருது. பழைய கம்ப்யூட்டரைக் கழட்டிப்போட்டு இப்பத்தைய ஸ்டாண்ட்அலோன் ஈசியூ (கம்பெனிப் பெட்டி இல்லாமத் தனியா எஞ்சினை ஓட்டுற கம்ப்யூட்டர்) போட்டா எல்லாம் சரியாகும், பவரும் கூடும் எண்டு தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் சொல்றான். போடலாமோ? என்னென்ன மாத்தவேணும்?

பதில்: போடலாம். ஆனா வண்டி வெட்டுறதுக்கு காரணம் கம்ப்யூட்டர்தான்னு முடிவு பண்ணது யாரு? அத முதல்ல பாப்போம், ஏன்னா நீங்க சொல்ற அறிகுறிய கேட்டா எனக்கு கை நேரா டிஎம்இ (உங்க பழைய எஞ்சின் கம்ப்யூட்டர்) ரிலேவுக்குதான் போகுது. ஃபியூஸ் பாக்ஸ்ல இருக்குற அந்த சின்ன டப்பாதான் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் குடுக்குது, உள்ள சால்டர் ஜாயின்ட்ல மயிரிழை விரிசல் விழுந்தா சூட்டுல விலகும், ஆறினா ஒட்டிக்கும். 944 வச்சிருக்கறவங்க பாதிப்பேர் க்ளவ் பாக்ஸ்ல ஒரு ஸ்பேர் ரிலே போட்டு வச்சிருக்கறது சும்மா இல்ல. அத மாத்திப் பாருங்க.

அதுக்கப்புறம் எஞ்சினுக்கு பின்னால பெல் ஹவுசிங் மேல ரெண்டு சென்சார் இருக்கும், ஒண்ணு ஸ்பீடு, இன்னொண்ணு ரெஃபரன்ஸ் (கிராங்க் எந்த இடத்துல நிக்குதுன்னு சொல்றது), பாக்க ரெண்டும் ஒரே மாதிரி. முப்பத்தஞ்சு வருஷ சூட்டுல அதோட கனெக்டர் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆயிருக்கும், தொட்டாலே உதிரும். ஃப்ளைவீலுக்கும் சென்சார் முனைக்கும் நடுவுல இடைவெளி 0.8 மில்லிமீட்டர் இருக்கணும். இதையெல்லாம் பாக்காம புது ஈசியூ போட்டீங்கன்னா அதே அழுகின வயர்ல இருந்து அதே பொய்ய புது கம்ப்யூட்டரும் கேட்டுக்கிட்டு அதே மாதிரி வெட்டும், காசுதான் மிச்சமில்ல.

சரி, இதெல்லாம் பண்ணி வண்டி ஒழுங்கா ஓடுது, அப்பவும் மாத்த ஆசைன்னா, ஆசைப்படறதுல நியாயம் இருக்கு. உங்க வண்டில காத்த அளக்குறது ஒரு ஃப்ளாப். காத்து வந்து கதவு மாதிரி அத தள்ளும், ஸ்ப்ரிங் எதிர்க்கும், ஃப்ளாப்போட அச்சுல ஒரு சின்ன விரல் கார்பன் தடத்து மேல தேய்ச்சுக்கிட்டே போகும். மேல இருக்குற கறுப்பு மூடிய பிளேடு விட்டு நெம்பி தொறந்து பாருங்க, ஐடில்லயும் ஹைவே வேகத்துலயும் அந்த விரல் நிக்குற இடத்துல மட்டும் கார்பன் தேஞ்சு வெள்ளி மாதிரி ஒரு கோடு தெரியும். அந்த கோட்டுலதான் வண்டி தடுமாறுது. (போர்ட லூஸ் பண்ணி ஒரு மில்லிமீட்டர் நகத்தி புது தடத்துல விரல் படுற மாதிரி வைக்கிற கைவைத்தியம் ஒண்ணு இருக்கு, நான் பண்ணிருக்கேன், நல்லாவே வேலை செய்யும்.) அதோட இந்த ஃப்ளாப் காத்தோட கன அளவத்தான் அளக்குது, எடைய இல்ல, காத்து போற வழியிலயும் குறுக்க நிக்குது. புது ஈசியூல இத மொத்தமா தூக்கிட்டு மேனிஃபோல்டு பிரஷர் சென்சார் ஒண்ணு, காத்து டெம்பரேச்சர் சென்சார் ஒண்ணு, ரெண்டோட முடிச்சிடலாம். இத்தனை ஆர்பிஎம், இத்தனை பிரஷர், அந்த கட்டத்துல எவ்ளோ பெட்ரோல்னு ஒரு பெரிய பலகை, பதினாறுக்கு பதினாறுன்னா 256 கட்டம், அத நிரப்புறதுதான் ட்யூனிங்.

கஷ்டமான இடம் ட்யூனிங் இல்ல, ட்ரிகர், அதாவது கிராங்க் எங்க, எவ்ளோ வேகத்துல சுத்துதுன்னு ஈசியூக்கு சொல்ற சிக்னல். 944-ல ஸ்பீடு சென்சார் எண்ணுறது ஸ்டார்ட்டர் ரிங் கியரோட பல்ல, மொத்தம் 132. 6000 ஆர்பிஎம்ல நொடிக்கு 13,200 துடிப்பு. சில ஈசியூ இத அப்படியே படிக்கும், சிலது திணறும். வாங்கறதுக்கு முன்னாடி கடைக்காரன்கிட்ட "944-க்கு வருமா"ன்னு கேக்காதீங்க, எல்லாத்துக்கும் வரும்னுதான் சொல்லுவான், "132 பல்லு ப்ளஸ் தனி ரெஃபரன்ஸ் பின், படிக்குமா"ன்னு கேளுங்க. இல்லன்னா முன்பக்க கிராங்க் புல்லில 60-2 வீல் மாட்டிடலாம், அறுபது பல்லுல ரெண்ட விட்டுட்டு 58, அந்த காலி இடத்த வச்சு கிராங்க் எங்க நிக்குதுன்னு ஈசியூ கண்டுபிடிச்சிக்கும். என் ஓட்டு இதுக்குதான், பின்னால சூட்டுல வேகுற சென்சார் தொல்லையும் அதோட ஒழியும்.

நான் முதல் தடவ ஒரு 944-ல மாத்தினப்போ சரியா 3800-ல வெட்டிச்சு. காயில் மாத்தினேன், பிளக் மாத்தினேன், பம்ப் பிரஷர் பாத்தேன், மூணு வாரக்கடைசி போச்சு, வீட்டுல சாப்பாட்டுக்கு கூப்பிடறதையே நிறுத்திட்டாங்க. லேப்டாப்ல ஒரு ஓரமா "சிங்க் லாஸ்"னு (கிராங்க் எங்க நிக்குதுன்னு ஈசியூ தவறவிட்ட தடவை) ஒரு எண்ணு ஏறிக்கிட்டே இருந்துச்சு, அத முதல் நாளே பாத்துட்டு என்னமோன்னு விட்டுட்டேன். கடைசில பாத்தா கிராங்க் சென்சார் வயரோட ஷீல்ட (வயர சுத்தி இருக்குற உலோக உறைய) ரெண்டு முனையிலயும் எர்த் பண்ணி வச்சிருக்கேன், இக்னிஷனோட மின் இரைச்சல் பூரா அதுல ஏறி நிக்குது. எஞ்சின் பக்கத்து முனைய வெட்டி டேப் சுத்தினேன், அன்னிக்கு சாயங்காலமே ரெட்லைன் வரைக்கும் போச்சு. ஷீல்டு ஒரு முனையில மட்டும், ஈசியூ பக்கம். சென்சார் எர்த் எல்லாம் ஈசியூவோட சென்சார் கிரவுண்டுக்கு, காயில் எர்த் நேரா சிலிண்டர் ஹெட்டுக்கு, ரெண்டையும் கலக்காதீங்க.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி இன்ஜெக்டர் கனெக்டர கழட்டிட்டு ஸ்டார்ட்டர்ல சுத்தவிட்டு, ஈசியூல இக்னிஷன் டைமிங்க (ஸ்பார்க் அடிக்கிற நேரத்த) 10 டிகிரில பூட்டிட்டு டைமிங் லைட் அடிச்சுப் பாருங்க. ஸ்டார்ட் ஆனப்புறம் பூட்ட எடுக்காம 4000 வரைக்கும் ஏத்தி திரும்ப லைட் அடிங்க. புல்லில இருக்குற குறி அசையாம அங்கயே நிக்கணும். ஆர்பிஎம் ஏற ஏற குறி நகர்ந்துச்சுன்னா கிராங்க் சென்சாரோட ரெண்டு வயரையும் மாத்தி குடுத்திருக்கீங்கன்னு சந்தேகப்படுங்க. ஸ்க்ரீன் 10-ன்னு காட்டும், எஞ்சின்ல நிஜமா வேற ஓடும், அது தெரியாம பூஸ்ட் (டர்போ திணிக்கிற காத்தழுத்தம்) குடுத்தா பிஸ்டன் போச்சு.

இன்னொண்ணு யாரும் முன்கூட்டி சொல்லமாட்டாங்க. உங்க வண்டில டிஎம்இ தவிர கேஎல்ஆர்னு இன்னொரு பெட்டி இருக்குல்ல, நாக் (சிலிண்டர்ல பெட்ரோல் நேரம் தப்பி தானா வெடிக்கறது) கண்ட்ரோல், பூஸ்ட் கண்ட்ரோல் ரெண்டையும் அதான் பாத்துக்குது, பிரஷர் சென்சாரும் அதுக்குள்ளதான், ஒரு சின்ன ஹோஸ் உள்ள வரைக்கும் வரும். டேஷ்போர்டுல இருக்குற பூஸ்ட் மீட்டருக்கு சிக்னல் குடுக்கறதும் அதே பெட்டிதான். கேஎல்ஆர கழட்டினா மீட்டர் முள்ளு செத்துடும். அத திரும்ப உயிர்ப்பிக்க ஈசியூல ஒரு அவுட்புட் ஒதுக்கணும், இல்லன்னா தனி கேஜ் மாட்டணும், வயரிங் போடறப்பவே யோசிச்சுக்குங்க.

வைட்பேண்ட் லேம்டா (புகைய வச்சு காத்து-பெட்ரோல் விகிதத்த அளக்குற சென்சார்) கட்டாயம். பழைய சென்சார் 14.7 பக்கத்துல மட்டும்தான் உண்மை பேசும், பூஸ்ட்ல உங்களுக்கு வேண்டியது 11.5-ல இருந்து 12. இன்ஜெக்டரோட டெட் டைம் டேபிளும் போடணும், பேட்டரி வோல்ட் எறங்க எறங்க இன்ஜெக்டர் தொறக்க லேட் ஆகும், இது தப்பா இருந்தா ஹெட்லைட் போட்டவுடனே ஐடில் ஆடும், நீங்க ஐடில் வால்வ மாத்திக்கிட்டு இருப்பீங்க.

பவர் பத்தி. உங்களது 1989-ன்னா கம்பெனி கணக்குல 250 குதிரை, 2.5 லிட்டர் நாலு சிலிண்டருக்கு அந்த காலத்துல பெரிய விஷயம். பூஸ்ட் ஏத்தாம ஈசியூ மட்டும் மாத்தினா பெருசா ஒண்ணும் கூடாது, ஓட்ட சுகமா இருக்கும், காலைல ஒழுங்கா ஸ்டார்ட் ஆகும். பூஸ்ட் ஏத்தினா கூடும், ஆனா நாக் வந்தா இந்த எஞ்சின்ல முதல்ல போறது ஹெட் கேஸ்கெட். டைமிங் பெல்ட் எப்ப மாத்தினீங்கன்னு தெரியலன்னா ஈசியூ காச அதுல போடுங்க, அறுந்தா வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும்.

உங்க ஊர் எம்ஓடி (வருஷாவருஷம் பண்ற வண்டி சோதனை)ல 1986 ஆகஸ்ட்டுக்கு அப்புறம், 1992 ஆகஸ்ட்டுக்கு முன்னாடி ரோட்டுக்கு வந்த பெட்ரோல் வண்டிக்கு ஐடில்ல புகையில சிஓ (கார்பன் மோனாக்சைடு) 3.5 சதவீதத்துக்குள்ள, ஹெச்சி (எரியாத பெட்ரோல்) 1200 பிபிஎம்முக்குள்ள இருக்கணும். ஒழுங்கா ட்யூன் பண்ண ஈசியூக்கு இது தூசி. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லிடுங்க, சொல்லாம விட்டு க்ளெய்ம் அன்னிக்கு மாட்டாதீங்க.

கேள்வி (மலேசியா, கிள்ளான் வாசகர்): டொயோட்டா எம்ஆர்2 டர்போ, ரெண்டாம் தலைமுறை 3எஸ்-ஜிடிஇ எஞ்சின். டிஸ்ட்ரிபியூட்டர்லயே 24 பல்லு இருக்கே, அதுவே போதுமா, தனியா கிராங்க் வீல் போடணுமா சார்?

பதில்: ஸ்டாக் பூஸ்ட்னா அதுவே போதும். ஆனா டிஸ்ட்ரிபியூட்டர் சுத்தறது கேம்ல, கேம் சுத்தறது பெல்ட்ல, பெல்ட் கொஞ்சம் இழுபட்டா டைமிங் ஒண்ணு ரெண்டு டிகிரி ஆடும். பூஸ்ட் ஏத்துற எண்ணம் இருந்தா கிராங்க்ல வீல் போட்டுட்டு டிஸ்ட்ரிபியூட்டர்ல இருந்து கேம் சிக்னல் மட்டும் எடுத்துக்குங்க, சீக்வென்ஷியலா (ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதோட முறை வர்றப்போ) இன்ஜெக்டர் ஓட்டலாம். உங்க எஞ்சின்லயும் ஃப்ளாப்தான், மூணாம் தலைமுறைல டொயோட்டாவே அத தூக்கிட்டு பிரஷர் சென்சாருக்கு போயிட்டான், அதனால நீங்க செய்யப்போறது ஒண்ணும் பாவமில்ல.

கேள்வி (பெயர் வேண்டாம் என்கிறார்): மெகாஸ்குவர்ட் (நாமளே சால்டர் பண்ணி கட்டுற ஈசியூ) போதுமா, இல்ல ஹால்டெக், லிங்க் மாதிரி ரெடிமேட் ஈசியூக்கு காசு போடணுமா?

பதில்: சால்டரிங் தெரியும், ராத்திரி உக்காந்து மேனுவல் படிப்பீங்கன்னா மெகாஸ்குவர்ட். தெரியாதுன்னா உங்க ஊர் ட்யூனர்கிட்ட போய் அவருக்கு எது கைவந்ததுன்னு கேட்டு அத வாங்குங்க. ஈசியூ எவ்ளோ உசத்தியா இருந்தாலும் ட்யூனருக்கு அந்த சாஃப்ட்வேர் தெரியலன்னா மணிக்கணக்குல டைனோ (வண்டிய உருளை மேல ஓட்டி பவர் அளக்குற மெஷின்) வாடகை உங்க தலையில.

கேள்வி (மறுபடியும் நம்ம லண்டன்காரர், அடுத்த மெயில்ல): ரிலே மாத்தினாப் பிறகு ஒரு கிழமையா வெட்டேல்லை அண்ணை! எண்டாலும் புதுசு போடத்தான் ஆசை. பழைய பெட்டியளை வித்துப்போடட்டோ?

பதில்: விக்காதீங்க. பழைய ஹார்னஸ் ஒரு வயரக்கூட வெட்டாம கழட்டி, டிஎம்இ, கேஎல்ஆர், ஃப்ளாப் மீட்டர் எல்லாத்தையும் ஒவ்வொரு பிளக்குலயும் எது எங்க போச்சுன்னு லேபிள் ஒட்டி ஒரு டப்பால போட்டு வீட்டுக்குள்ள வைங்க, கராஜ்ல வேண்டாம், ஈரம். அப்படியே அந்த பழைய ரிலேவையும் தூக்கிப் போட்டுடாதீங்க, மூடிய கழட்டி சால்டர திரும்ப ஓட்டினா பொழைச்சுக்கும், க்ளவ் பாக்ஸ்ல கிடக்கட்டும்.